பாட்டரி திடீரென்று சாவதில்லை

“நேற்று ராத்திரி வீட்டுக்கு வரும்போதுகூட நல்லாத்தான் இருந்தது அண்ணே! காலையில் பொத்தானை அழுத்தினால் ‘டிக், டிக்’ என்கிறது. எஞ்சின் அசையவே மாட்டேன் என்கிறது!”

மோட்டார் சைக்கிள் பழுதுபார்க்கும் கடைகளில் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது. மெக்கானிக் ஒரு நிமிடம் சோதித்துவிட்டு, “பாட்டரி போயிடுச்சு, புதுசு போடணும்” என்கிறார். வண்டிக்காரருக்கோ சந்தேகம். சாவியைத் திருப்பினால் விளக்கு எரிகிறது; ஹாரன் ஒலிக்கிறது; வோல்ட்மீட்டரை வைத்துப் பார்த்தால் 12 வோல்ட்டுக்கு மேல் காட்டுகிறது. இத்தனை இருந்தும் பாட்டரி செத்துவிட்டது என்றால் எப்படி நம்புவது? மெக்கானிக் ஏமாற்றுகிறாரோ?

மெக்கானிக் சொல்வது உண்மையாகவே இருக்கலாம். அதைப் புரிந்துகொள்ள நீங்கள் பள்ளியில் படித்த ஓம் விதியே போதும். புரிந்துகொண்டால் இன்னொன்றும் தெரியவரும்: பெரும்பாலான பாட்டரிகள் திடீரென்று சாவதில்லை. பல மாதங்களாக மெல்ல மெல்லச் செத்துக்கொண்டிருந்த பாட்டரியின் நிலைமை ஒரு நாள் காலையில் வெளிப்படுகிறது, அவ்வளவுதான்.

பெட்டிக்குள் என்ன இருக்கிறது?

பிரெஞ்சு அறிவியலார் காஸ்டன் பிளாண்டே 1859-ஆம் ஆண்டில் இரண்டு காரீயத் தகடுகளைச் சுருட்டி, நீர்த்த கந்தக அமிலத்தில் அமிழ்த்தி, அவற்றினூடே மின்சாரத்தைச் செலுத்தினார். செலுத்திய மின்சாரத்தில் பெரும்பகுதியைப் பிறகு திரும்பப் பெற முடிந்தது. மீண்டும் மீண்டும் மின்னேற்றம் செய்யக்கூடிய முதல் மின்கலம் இவ்வாறு பிறந்தது. 1881-இல் கமில் ஃபோர் என்பவர் தகட்டின் மீது காரீய ஆக்சைடுப் பசையைப் பூசும் முறையைக் கண்டார். இன்று பெரும்பாலான மோட்டார் சைக்கிள்களின் இருக்கைக்கு அடியில் இருப்பது இந்த இருவரின் கண்டுபிடிப்பின் வாரிசுதான்.

12 வோல்ட் பாட்டரிக்குள் ஆறு தனி அறைகள் உண்டு. ஒவ்வோர் அறையும் ஒரு செல். ஒவ்வொரு செல்லும் சற்றேறக்குறைய 2 வோல்ட் தரும். செல்லுக்குள் நேர்த்தகட்டில் காரீய டை ஆக்சைடு. எதிர்த்தகட்டில் பஞ்சு போன்ற நுண்துளைகள் நிறைந்த காரீயம். இடையே நீர்த்த கந்தக அமிலம். மின்சாரத்தை எடுக்கும்போது நிகழும் வேதிவினை இது:

காரீயம் + காரீய டை ஆக்சைடு + கந்தக அமிலம் → காரீய சல்பேட் + நீர்

மின்னேற்றம் செய்யும்போது இதே வினை வலமிருந்து இடமாகத் திரும்புகிறது. இரண்டு தகடுகளின் மீதும் உண்டான காரீய சல்பேட் கரைந்து, பழைய பொருள்களாக மாறுகிறது. நீர்த்துப்போன அமிலமும் மீண்டும் செறிவடைகிறது.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். வினை நடக்கும் இடம் தகட்டின் பரப்பு. தகட்டின் மீதுள்ள பொருள் கட்டியான பாறை போல இல்லாமல் பஞ்சு போல இருப்பதற்குக் காரணம், அமிலம் தொடும் பரப்பு மிகுதியாக இருக்க வேண்டும் என்பதே. ஒரே நேரத்தில் மிகுந்த மின்னோட்டத்தைத் தரும் ஆற்றல் இந்தப் பரப்பைப் பொறுத்தது. பாட்டரியின் முதுமை என்பது பெரும்பாலும் இந்தப் பரப்பு குறைந்துகொண்டே வருவதுதான்.

ஒரு சிறிய கணக்கு

எந்த மின்கலத்துக்கும் உள்ளேயே ஒரு மின்தடை உண்டு. அதை அகத்தடை என்கிறோம். மின்னோட்டம் பாயும்போது, மின்னோட்டத்தையும் அகத்தடையையும் பெருக்கினால் வரும் அளவு மின்னழுத்தம் பாட்டரிக்குள்ளேயே செலவாகிவிடும். மீதிதான் வெளியே கிடைக்கும்.

நல்ல நிலையில் உள்ள ஒரு சிறிய பாட்டரியின் அகத்தடை 0.03 ஓம் என்று வைத்துக்கொள்வோம். ஓய்வில் இருக்கும்போது அதன் மின்னழுத்தம் 12.6 வோல்ட். ஸ்டார்ட்டர் மோட்டார் 50 ஆம்பியர் கேட்கிறது. உள்ளே செலவாவது 50 × 0.03 = 1.5 வோல்ட். வெளியே 11.1 வோல்ட் கிடைக்கிறது. எஞ்சின் ஜம்மென்று சுழலும்.

இதே பாட்டரி முதுமையடைந்து, அகத்தடை 0.1 ஓம் ஆகிவிட்டது. இப்போது ஹாரனை அடித்தால் என்ன ஆகும்? ஹாரனுக்கு 3 ஆம்பியர் தேவை என்று கொண்டால், உள்ளே செலவாவது 0.3 வோல்ட்டுதான். 12.3 வோல்ட் கிடைப்பதால் ஹாரன் வழக்கம்போல் ஒலிக்கிறது. இண்டிகேட்டர் விளக்குக்கு 1 ஆம்பியர்கூட வேண்டாம், அதுவும் கண்சிமிட்டுகிறது. வோல்ட்மீட்டர் எடுத்துக்கொள்ளும் மின்னோட்டமோ இல்லை என்றே சொல்லிவிடலாம், அது 12.6 வோல்ட்டையே காட்டுகிறது.

இப்போது ஸ்டார்ட்டர் பொத்தானை அழுத்துங்கள். 50 × 0.1 = 5 வோல்ட் உள்ளேயே செலவாகிறது! வெளியே 7.6 வோல்ட்டுதான் மிச்சம். மோட்டாரைப் பாட்டரியுடன் இணைக்கும் ரிலே எனும் மின்காந்தச் சாவி இந்தக் குறைந்த மின்னழுத்தத்தில் பிடிப்பை விட்டுவிடுகிறது. விட்டவுடன் மின்னோட்டம் நிற்கிறது, மின்னழுத்தம் மீண்டும் 12-க்கு மேல் ஏறுகிறது, ரிலே மறுபடியும் பிடிக்கிறது, மறுபடியும் விடுகிறது. ‘டிக், டிக், டிக்’ என்ற அந்த ஒலி இதுதான்.

வீட்டு மாடியில் உள்ள தண்ணீர்த் தொட்டியை நினைத்துப் பாருங்கள். தொட்டி நிறைய நீர் இருக்கிறது. ஆனால் குழாயின் உட்புறம் உப்புப் படிந்து குறுகிவிட்டது. குழாயைச் சிறிதே திறந்து பல் துலக்கினால் குறை எதுவும் தெரியாது. முழுவதும் திறந்து வாளியை நிரப்பப் பார்த்தால்தான் நூல் போல ஒழுகுவது தெரியும். வோல்ட்மீட்டர் காட்டுவது தொட்டியின் நீர்மட்டம். ஸ்டார்ட்டர் கேட்பது வாளி நிறைய நீர்.

இன்னொரு கணக்கையும் போட்டுப் பாருங்கள். ஸ்டார்ட்டர் 50 ஆம்பியரில் 2 வினாடி ஓடினால் செலவாவது 100 கூலும் மின்னூட்டம். 5 ஆம்பியர்-மணி பாட்டரியில் இருப்பதோ 5 × 3,600 = 18,000 கூலும். ஒரு முறை எஞ்சினைக் கிளப்ப, சேமிப்பில் 180-இல் ஒரு பங்குதான் ஆகிறது. ஆகவே பெரும்பாலும் குறைவது இருப்பு அன்று. அதை வேகமாக எடுத்துத் தரும் திறன்.

நாள்தோறும் நடக்கும் தேய்மானம்

அகத்தடை ஏன் உயர்கிறது? ஒரு காரணம் இல்லை; பல காரணங்கள் ஒன்றாகச் சேர்ந்து வேலை செய்கின்றன.

முதலாவது, சல்பேட் இறுகுதல். மின்னிறக்கத்தின்போது உண்டாகும் காரீய சல்பேட் முதலில் மிக நுண்ணிய படிகங்களாக இருக்கிறது. உடனே மின்னேற்றம் செய்தால் எளிதில் கரைந்துவிடும். ஆனால் பாட்டரியை அரைகுறை மின்னேற்றத்துடன் வாரக்கணக்கில் விட்டுவைத்தால், சிறு படிகங்கள் கரைந்து பெரிய படிகங்களாக வளர்கின்றன. காரீய சல்பேட் மின்சாரத்தைக் கடத்தாது. பெரிய படிகங்கள் எளிதில் கரைவதும் இல்லை. தகட்டின் நுண்துளைகளை அவை அடைத்துக்கொள்ள, வினை நடக்கும் பரப்பு சுருங்குகிறது. கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போய்த் திரும்பியவரின் வண்டி கிளம்ப மறுப்பதற்கு இதுவே காரணமாக இருக்கும். ஓடாத வண்டியிலும் பாட்டரி தானாகவே சிறிது சிறிதாக இறங்கிக்கொண்டிருக்கும். கடிகாரம், திருட்டு எச்சரிக்கை மணி முதலியவை அதன் பங்குக்கு உறிஞ்சும்.

இரண்டாவது, உதிர்தல். காரீயம் சல்பேட்டாக மாறும்போது அதன் பருமன் இரண்டரை மடங்குக்கு மேல் பெருகுகிறது. மின்னேற்றத்தின்போது மீண்டும் சுருங்குகிறது. இப்படி ஆயிரக்கணக்கான முறை விரிந்து சுருங்கும் தகட்டுப்பூச்சு, பழைய சுவரின் சுண்ணாம்புக் காரை போல இளகுகிறது. வண்டியின் அதிர்வு அதை உதிர்க்கிறது. உதிர்ந்தது செல்லின் அடியில் வண்டலாகச் சேர்கிறது.

மூன்றாவது, அரிமானம். நேர்த்தகட்டில் பூச்சைத் தாங்கி நிற்பது காரீயக் கலவையால் ஆன ஒரு வலைச்சட்டம். மின்சாரத்தைச் சேகரித்து வெளியே கொண்டு வருவதும் அதுவே. மின்னேற்றம் நடக்கும்போதெல்லாம் அந்தச் சட்டமும் மெல்ல ஆக்சைடாக மாறி மெலிகிறது. இரும்பு துருப்பிடிப்பதைப் போன்ற நிகழ்ச்சி இது. இத்தகைய அரிமானத்தையும் மின்கலங்களையும் ஆராய்வதற்கென்றே நம் காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் 1953-இல் திறக்கப்பட்டது. அதற்கு நிலமும் நிதியும் வழங்கியவர் வள்ளல் அழகப்பச் செட்டியார்.

நான்காவது, நீர் குறைதல். மின்னேற்றம் அளவுக்கு மிஞ்சினால், அந்த மின்சாரம் நீரை ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரிக்கிறது. நீர்மட்டம் இறங்கித் தகட்டின் மேற்பகுதி காற்றில் தெரிந்தால், அந்தப் பகுதி உலர்ந்து பயனற்றுப் போகும்.

இந்த நான்கையும் விரைவுபடுத்தும் பொது எதிரி ஒன்று உண்டு. அதுதான் வெப்பம். வெப்பநிலை 10 டிகிரி செல்சியஸ் உயர்ந்தால் வேதிவினைகளின் வேகம் ஏறத்தாழ இரட்டிப்பாகும் என்பது வேதியியலில் ஒரு பொதுக்கணக்கு. பாட்டரியின் ஆயுளுக்கும் அது ஓரளவு பொருந்தும். மே மாத வெயிலில் நிழலின்றி நிறுத்தப்படும் வண்டியின் பாட்டரி, மர நிழலில் நிற்கும் வண்டியின் பாட்டரியைவிட விரைவில் முதுமையடையும்.

குளிர் வேறு விதமாக வேலை செய்கிறது. அது பாட்டரியை முதுமையாக்குவதில்லை. அதன் முதுமையை வெளிப்படுத்துகிறது. குளிரில் அமிலத்துக்குள் அயனிகள் மெதுவாக நகர்வதால் அகத்தடை ஏறுகிறது. அதே வேளையில் எஞ்சின் எண்ணெய் கெட்டியாகி, ஸ்டார்ட்டர் கேட்கும் மின்னோட்டமும் கூடுகிறது. சமவெளியில் கோடை முழுவதும் வெந்து மெலிந்த பாட்டரி, உதகமண்டலத்தில் ஒரு டிசம்பர்க் காலையில் கைவிடுவது இதனால்தான். பழியைக் குளிர் ஏற்கிறது, குற்றவாளியோ கோடை!

ஆறில் ஒன்று பழுதானால்

உண்மையிலேயே திடீரென நேரும் சாவும் உண்டு. ஆறு செல்களும் தொடரிணைப்பில் இருக்கின்றன. சங்கிலியின் ஒரு கண்ணி அறுந்தால் சங்கிலியே அறுந்ததுதானே? செல்களை இணைக்கும் காரீயப் பட்டை அரிமானத்தால் மெலிந்து, ஒரு குழியில் வண்டி குதிக்கும்போது முறிந்துவிட்டால், மற்ற செல்கள் நன்றாக இருந்தும் பயனில்லை. அந்த நொடியில் எல்லாம் அணைந்துபோகும்.

அடியில் சேர்ந்த வண்டல் உயர்ந்து, நேர்த்தகட்டையும் எதிர்த்தகட்டையும் தொட்டுவிட்டால் அந்தச் செல்லில் குறுக்குச்சுற்று ஏற்படும். இரண்டு வோல்ட் ஒரேயடியாகக் குறைந்து, பாட்டரி சுமார் 10.5 வோல்ட் காட்டும். எத்தனை மணி நேரம் மின்னேற்றம் செய்தாலும் அது 12-ஐத் தொடாது. இங்கேயும் முறிவு ஒரு நொடியில் நிகழ்ந்ததே தவிர, அதற்கான மெலிவும் வண்டலும் மாதக்கணக்கில் உருவானவை.

அன்றும் இன்றும்

முன்பெல்லாம் இவ்வளவு ‘திடீர்ச் சாவுகள்’ பேசப்படவில்லையே என்று பெரியவர்கள் சொல்லக்கூடும். அவர்கள் சொல்வதிலும் நியாயம் உண்டு. முன்னாளைய வண்டிகளைக் காலால் உதைத்துக் கிளப்பினார்கள். பொறிக்கான மின்சாரத்தைப் பல வண்டிகளில் மாக்னட்டோவே தந்தது. பாட்டரிக்கு விளக்கும் ஹாரனும்தான் வேலை. மேலே போட்ட கணக்கின்படி, முதுமையடைந்த பாட்டரிகூட அந்த வேலையைக் குறையின்றிச் செய்யும்! தவிர, பழைய புல்லட் போன்ற வண்டிகளின் முகப்பில் ஒரு சிறிய ஆம்பியர்மானி இருந்தது. பாட்டரிக்கு மின்சாரம் போகிறதா, அதிலிருந்து வெளியேறுகிறதா என்பதை அதன் முள் காட்டிக்கொண்டே இருந்தது. அன்றைய பாட்டரிகளில் அமிலத்தின் மட்டம் வெளியே தெரிந்தது. மூடியைத் திறந்து காய்ச்சி வடித்த நீரை ஊற்ற முடிந்தது.

இன்று நிலைமை வேறு. 2020 ஏப்ரல் முதல் நாள் நடைமுறைக்கு வந்த பி.எஸ். 6 புகை விதிகளுக்குப் பின், நம் நாட்டின் புதிய மோட்டார் சைக்கிள்களில் பெரும்பாலானவை பெட்ரோலை மின்சாரப் பம்பு மூலம் பீய்ச்சும் முறைக்கு மாறிவிட்டன. பம்பையும் அதை ஆளும் மின்னணுப் பெட்டியையும் எழுப்பவே பாட்டரி தேவை. பல வண்டிகளில் உதைத்துக் கிளப்பும் கிக்கரே இல்லை. பாட்டரி அடியோடு இறங்கிவிட்டால் தள்ளிக் கிளப்புவதும் பெரும்பாலும் கைகூடாது. பாட்டரியோ முழுவதும் மூடப்பட்டது. அதில் நீர் ஊற்றும் வேலை இல்லை. உள்ளே நடப்பது கண்ணுக்குத் தெரிவதும் இல்லை. பாட்டரியின் மேல் விழும் சுமை கூடிவிட்டது. அதன் முதுமையைக் காட்டிய அடையாளங்களோ மறைந்துவிட்டன.

முன்கூட்டியே அறிவது எப்படி?

மோட்டார் சைக்கிள் பாட்டரி பொதுவாக இரண்டு முதல் ஐந்து ஆண்டுகள் உழைக்கும். அந்த வயதை நெருங்கும்போது மூன்று சோதனைகள் உதவும்.

ஓய்வுச் சோதனை: வண்டி சில மணி நேரம் நின்ற பிறகு, பாட்டரி முனைகளில் 12.6 வோல்ட் அல்லது அதற்கு மேல் இருந்தால் மின்னேற்றம் நிறைவு. 12.2 என்றால் ஏறத்தாழப் பாதி. 12-க்குக் கீழே என்றால் உடனே மின்னேற்றம் தேவை.

சுமைச் சோதனை: ஒருவர் ஸ்டார்ட்டரை அழுத்த, மற்றவர் வோல்ட்மீட்டரைக் கவனிக்க வேண்டும். எஞ்சின் சுழலும்போது மின்னழுத்தம் 10 வோல்ட்டுக்கு வெகுவாகக் கீழே சரிந்தால், ஓய்வில் 12.6 காட்டிய அதே பாட்டரி முதுமையடைந்தது என்று பொருள். மிக முக்கியமான சோதனை இதுவே.

மின்னேற்றச் சோதனை: எஞ்சின் சற்று வேகமாக ஓடும்போது 13.5 முதல் 14.5 வோல்ட் வரை இருக்க வேண்டும். 13-க்குக் கீழே இருந்தால் பாட்டரிக்கு மின்சாரம் போதவில்லை. 15-ஐத் தாண்டினால் மின்னழுத்தச் சீராக்கி பழுது. இதைக் கவனிக்காமல் புதிய பாட்டரியைப் போட்டால் அதுவும் விரைவில் பழுதாகும்.

முனைகளில் பூத்திருக்கும் வெள்ளை அல்லது நீலப் படிவும், தளர்ந்த திருகும்கூட மின்தடையைக் கூட்டும். பாட்டரியைக் குறை சொல்லும் முன் இவற்றைப் பார்ப்பது நலம்.

நீங்களே செய்து பாருங்கள்

வண்டியைத் தொடாமலே இந்த உண்மையைக் காணலாம். ஒரு புதிய டார்ச் செல்லையும், டார்ச்சில் போட்டால் மங்கலாக எரியும் ஒரு பழைய செல்லையும் எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் சுமையின்றி இரண்டின் மின்னழுத்தத்தையும் அளந்து குறியுங்கள். பிறகு ஒவ்வொன்றையும் ஒரு சிறிய டார்ச் பல்புடன் இணைத்து, பல்பு எரியும்போதே செல்லின் மின்னழுத்தத்தையும் பாயும் மின்னோட்டத்தையும் அளந்திடுங்கள். சுமையின்றி இருந்த மின்னழுத்தத்திலிருந்து சுமையுடன் உள்ளதைக் கழித்து, மின்னோட்டத்தால் வகுத்தால் வருவது அகத்தடை. புதிய செல்லின் எண்ணையும் பழைய செல்லின் எண்ணையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

ஆனால் இதே சோதனையை வண்டிப் பாட்டரியில் கம்பிகளை வைத்துச் செய்யக்கூடாது. அதன் அகத்தடை மிகக் குறைவு. இரு முனைகளையும் ஒரு கம்பி இணைத்துவிட்டால் நூற்றுக்கணக்கான ஆம்பியர் பாய்ந்து கம்பி செந்தழலாகும். மின்னேற்றத்தின்போது வெளிவரும் ஹைட்ரஜன், காற்றில் 4 சதவீதம் இருந்தாலே தீப்பொறி பட்டுத் தீப்பற்றும். மூடிய இடத்தில் அது வெடிப்பாகும். சிதறுவது கந்தக அமிலம். கண்ணில் தெறித்தால் குறைந்தது 15 நிமிடம் நீரால் கழுவிக்கொண்டே இருந்து, உடனே மருத்துவரிடம் போக வேண்டும். பாட்டரியைக் கழற்றும்போது மெக்கானிக் எதிர்முனையை முதலில் கழற்றுவதைப் பாருங்கள். வண்டியின் சட்டம் எதிர்முனையோடு இணைந்தது. அதை முதலில் துண்டித்துவிட்டால், நேர்முனையைக் கழற்றும்போது ஸ்பானர் சட்டத்தில் பட்டாலும் குறுக்குச்சுற்று உண்டாகாது.

செத்த பாட்டரி எங்கே போகிறது?

பாட்டரியின் எடையில் ஏறத்தாழ அறுபது சதவீதம் காரீயம். அதைத் திரும்ப உருக்கி, மீண்டும் பாட்டரி செய்யலாம். இது மிக நல்ல செய்தி. ஆனால் உருக்கும் இடம் எது என்பதில்தான் உயிர்ப் பிரச்சினை இருக்கிறது.

ஆப்பிரிக்காவின் செனகல் நாட்டில், தலைநகர் டாக்கரின் புறநகர் ஒன்றில் மக்கள் பழைய பாட்டரிகளை உடைத்துக் காரீயத்தைப் பிரித்துவந்தார்கள். காரீயத் துகள் மண்ணில் கலந்தது. அந்த மண்ணை வீடுகளுக்கு எடுத்துச் சென்று சலித்தார்கள். 2007 நவம்பருக்கும் 2008 மார்ச்சுக்கும் இடையே அங்கே 18 குழந்தைகள் இறந்தனர். ஆய்வாளர்கள் சோதித்தபோது, இறந்த குழந்தைகளின் உடன்பிறந்தோர், தாய்மார் ஆகியோரின் இரத்தத்திலும் காரீயம் மிகுந்திருந்தது. காரீயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைத் தாக்குகிறது. உயிர் தப்பினாலும் அறிவாற்றல் குறையலாம். உலகில் 80 கோடி வரையான குழந்தைகளின் இரத்தத்தில் கவலைப்படத்தக்க அளவு காரீயம் இருப்பதாக யுனிசெஃப் 2020-இல் அறிவித்தது. முறையற்ற இடங்களில் பழைய பாட்டரிகளை உடைத்து உருக்குவதை அதற்கான முக்கியக் காரணங்களில் ஒன்றாகவும் அது சுட்டிக்காட்டியது.

பழைய பாட்டரிகளை விற்பனையாளர் திரும்பப் பெற வேண்டும் என்ற விதி இந்தியாவில் 2001-இலேயே வந்துவிட்டது. 2022-இல் வந்த புதிய விதிகள், திரும்பப் பெற்று முறையாக மறுசுழற்சி செய்யும் பொறுப்பை உற்பத்தியாளர் மீது சுமத்துகின்றன. புதிய பாட்டரி வாங்கும்போது பழையதைக் கடையில் கொடுத்தால் விலையிலும் தள்ளுபடி கிடைக்கும். தெருவில் வருபவரிடம் எடைக்குப் போட்டால் சில ரூபாய் கூடக் கிடைக்கலாம். அந்தச் சில ரூபாய்க்காக, எங்கோ ஒரு கொல்லைப்புறத்து அடுப்பில் அது உருகும்போது, பக்கத்தில் விளையாடும் குழந்தை அந்தப் புகையைச் சுவாசிக்கும்.

அடுத்த முறை வீட்டில் பாட்டரி மாற்றும்போது, பழையது எங்கே போகிறது என்று நீங்கள் கேளுங்கள்.